தொழில் வழக்குக்கு வன்னியில் இடமில்லையா?

கேள்வி: மகள் சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் செய்துவிட்டாள். தொழில் சட்டமும் மேன்முறையீடும்தான் தன் வழி என்கிறாள். "காணி வழக்கும் உறுதி எழுதுவதும்தான் வன்னியில் சோறு போடும், அவள் சொல்வது கொழும்பு வேலை" என்கிறார் அவளுடைய மாமா. யார் சொல்வது சரி? (வாசகி, மாங்குளம்)

பதில்: காணி வழக்கு குறையாது என்பது உண்மைதான். இடம்பெயர்ந்தபோது உறுதிகளைத் தொலைத்த குடும்பங்கள் நிறைந்த மண் இது. மற்றதில் மாமா சொல்வது பிழை.

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஆடைத் தொழிற்சாலைக்கு விடியப்புறம் பஸ் ஏறும் பிள்ளைகளைப் பாருங்கள். அரிசி ஆலை, கடை, நிதிக் கம்பனி என்று சம்பளத்துக்கு நிற்பவர்கள் இன்னும் எத்தனை பேர்! "நாளைக்கு வரவேண்டாம்" என்ற வாய்ச்சொல்லோடு அனுப்பப்படுகிறவர்கள் பலரிடம் நியமனக் கடிதம்கூட இருப்பதில்லை. தெரிந்தவர் மூலம் முதலாளியோடு பேசிப் பார்க்கலாம் என்று காத்திருப்பார்கள். வேலை போன நாளிலிருந்து 6 மாதத்துக்குள், வேலை நீக்க வழக்குகளை விசாரிக்கும் தொழில் நியாயசபைக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பதை அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. ஊருக்குள் இருக்கும் ஒரு சட்டத்தரணிதான் அதை நேரத்துக்குச் சொல்ல முடியும்.

சரி, மேன்முறையீட்டுக்கு வருவோம். வழக்கை முதலிலிருந்து மறுபடி நடத்துவதுதான் மேன்முறையீடு என்று பலர் நினைக்கிறார்கள். தொழில் வழக்கில் அப்படியில்லை. கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின்படி, நியாயசபையின் கட்டளைக்கு எதிராகச் சட்டப் பிரச்சினை மீது மட்டுமே மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம். அதற்குப் பிறகு, அனுமதி பெற்று உயர் நீதிமன்றம். பின்னாளில் பிரதம நீதியரசரான சர்வானந்தா, ஒரு தோட்டக் கம்பனிக்கும் ஹில்மன் என்பவருக்கும் இடையிலான வழக்கில் இதைத் தெளிவாக்கினார்: நியாயசபையின் முடிவுக்கு ஆதாரமான சாட்சியம் பதிவில் இருந்தால், மேன்முறையீட்டை விசாரிக்கும் நீதிமன்றம் அந்த உண்மைகளை மறுபடி கிளறாது.

அப்படியென்றால் மேலே வாதாடப் போகிறவருக்குக் கிடைப்பது கீழே எழுதி வைத்த கடதாசிதான். சம்பளத் துண்டு, வரவுப் பதிவு, ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதமும் ஊழியர் 8 வீதமும் கட்டிய கணக்கு எல்லாம் நியாயசபையிலேயே பதிவாக வேண்டும்.

நம் பேச்சு வழக்கையும் யோசியுங்கள். வேலை பறிபோன ஒரு பெண்ணிடம் கேட்டால், "அதோட நான் நின்றிட்டன்" என்பார். தன்னை நிற்பாட்டிவிட்டார்கள் என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார். சாட்சியக் கூண்டில் அதே சொல் பதிவாகி, உயர் நீதிமன்றத்தில் ஆங்கிலத்தில் வாசிக்கப்படும்போது, தானாக வேலையை விட்டவர் ஆகிவிடுவார். "யார், எந்தத் திகதியில், என்ன சொல்லி உங்களை வரவேண்டாம் என்றார்?" என்று அந்த இடத்திலேயே அடுத்த கேள்வியைக் கேட்கத் தெரிந்தவர் வேண்டும். வன்னித் தமிழும் தெரிந்து, மேலே அது எப்படி வாசிக்கப்படும் என்பதும் தெரிந்த பிள்ளையால்தான் அது முடியும். உங்கள் மகள் தேர்ந்தெடுத்த இரண்டும் இரண்டு வேலை அல்ல, ஒரே வேலை.

வருமானம் மெதுவாகத்தான் வரும். வேலை இழந்தவரிடம் பெரிய கட்டணம் கேட்க மனமும் வராது. முதல் சில வருடங்கள் உறுதி எழுதும் நொத்தாரிசு வேலையும் செய்யட்டும், அதில் ஒரு குறையும் இல்லை.

ஆனால் மேன்முறையீடு பழகவென்று இப்போதே கொழும்புக்கு அனுப்ப அவசரப்படாதீர்கள். தொழில் நியாயசபைக்குப் போகும் மூத்த சட்டத்தரணி ஒருவரோடு இருந்து குறுக்கு விசாரணைகளைக் கேட்கட்டும். அப்புறம் முடிந்த வழக்கொன்றின் கட்டளையை எடுத்து, மேன்முறையீட்டுக்குரிய 30 நாளுக்குள் எந்தச் சட்டப் பிரச்சினையை எழுப்பியிருப்பாள் என்று ஒரு பக்கம் எழுதி அவரிடம் காட்டட்டும்.