முகத்துவாரமும் அம்புக்குறிப் படங்களும்

வாசகர் கடிதம்:

அன்புள்ள ஐயாவுக்கு,

சிக்கலான தொகுதிகள் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். அம்புக்குறிகளும் கூட்டல், கழித்தல் அடையாளங்களும் மட்டுமே உள்ள ஒரு படம், பெரும்போக (மாரிக்கால நெற்செய்கை) மழையில், வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை அடைத்திருக்கும் மணல்திட்டை எப்போது வெட்டுவது என்பது போன்ற முடிவுக்கு எவ்விதம் உதவும்? எண்கள் இல்லாவிட்டால் அது வெறும் ஊகம்தானே?

வாசகர் ஒருவர், வெல்லாவெளி

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் எடுத்த உதாரணத்தையே வரைந்து பார்ப்போம். ஒன்று கூடும்போது மற்றதும் கூடினால் அம்பில் கூட்டல்; ஒன்று கூடும்போது மற்றது குறைந்தால் கழித்தல். மட்டக்களப்பு வாவியின் நீர்மட்டம் உயர்ந்தால் அதன் மேற்குக் கரையான படுவான்கரையின் தாழ்நில வயல்கள் மூழ்கும். மூழ்கினால் வெட்டச் சொல்லும் கோரிக்கை வலுக்கும். வெட்டினால் மட்டம் இறங்கும். தொடங்கிய இடத்துக்கே அம்புகள் திரும்பும் இந்த வட்டத்தில் கழித்தல் ஒன்றே உண்டு. கழித்தல்கள் ஒற்றைப்படையாக உள்ள வட்டம் தன்னைத் தானே கட்டுப்படுத்தும். மற்றவை, தொடங்கிய மாற்றத்தை மேலும் வளர்க்கும்.

இனி இரண்டாவது வட்டம். ஆண்டுதோறும் நேரத்தோடு வெட்டுவார்கள் என்ற நம்பிக்கை வந்துவிட்டால் இன்னும் தாழ்ந்த நிலத்திலும் விதைப்பார்கள். விதைத்தபின், முன்பு யாருக்கும் தொல்லை தராத நீர்மட்டமே அங்கே வெள்ளமாகிவிடும். அடுத்த பெரும்போகத்தில் இன்னும் முந்தி வெட்டக் கேட்பார்கள். இதில் கழித்தலே இல்லை. ஓர் ஆண்டின் மழைவீழ்ச்சியை எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் இது கண்ணில் படாது. ஏனெனில் பல போகங்களாக மெல்ல மாறும் எதிர்பார்ப்பில் இருந்தே இது பிறக்கிறது. உண்மையில் அப்படி நடக்கிறதா என்பதைப் படம் சொல்லாது. வயல்வெளிகளின் செய்கை ஒழுங்குகளைக் கவனிக்கும் வட்டை விதானைமாரிடம் கேட்கவேண்டிய கேள்வியைத் தரும், அவ்வளவே.

படம் தடுமாறும் இடமும் உண்டு. முகத்துவாரம் திறந்தால் கடலில் பிறந்த இறால் குஞ்சுகள் வாவிக்குள் வரும். வளர்ந்த இறால் அதே வழியாகக் கடலுக்குப் போகும். அப்படியானால் வாவியில் பிடிபாடு கூடுமா, குறையுமா? எதிரெதிர் அடையாளங்கள் மோதும் இவ்விடத்தில் எந்த இணைப்பின் வலிமையை அளக்கவேண்டும் என்பதை மட்டுமே படம் காட்டும். சூழலியலாளர் ரிச்சர்ட் லெவின்ஸ் 1974இல் முன்வைத்த, இப்படி அடையாளங்களை மட்டும் கொண்டு வட்டங்களை ஆராயும் வட்டப் பகுப்பாய்வின் பயனும் இதுவே: எல்லாவற்றையும் அளக்கவேண்டிய சுமை குறைகிறது.

இதனால்தான், 1986இல் பொறியியலாளர் பார்ட் கொஸ்கோ அறிமுகப்படுத்திய முறையைப் பின்பற்றி, ஒவ்வோர் அம்புக்கும் −1 முதல் +1 வரை மதிப்பிடுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. கூட்டத்தில் ஒருவர் வாய்க்கு வந்தபடி சொன்ன 0.6, அறிக்கையில் ஏறியதும் அளந்தெடுத்த எண்ணாகத் தோற்றம் தரும். நீங்கள் அஞ்சும் ஊகம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

ஆரம்பக் கூட்டத்திலேயே எல்லோரையும் சேர்த்து வரையச் செய்யாதீர்கள். அங்கே அதிகாரியின் கைதான் வரையும். மீனவர்களும் விவசாயிகளும் தனித்தனியே வரையட்டும். இரு படங்களையும் அருகருகே வைத்து, அடையாளம் மாறுபடும் அம்புகளை மட்டும் பேசுங்கள். வெட்டியபின் உவர்நீர் எந்த வயல்வரை ஏறுகிறது என்பதில் அவர்கள் முரண்பட்டால், உங்கள் முதல் அளவீட்டை அங்கிருந்து தொடங்கலாம்.