வரப்போகும் டென்னிஸ் ராக்கெட் மாடல்களை வெளியாகும் முன்பே ஒப்பிட முடியுமா? வாங்காமல் காத்திருக்கலாமா?

ஓரளவு ஒப்பிடலாம். ஆனால் எல்லாரும் பார்க்கிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் தெரியாது. ஒரு படம் கசிந்ததும் பேச்செல்லாம் பெயின்டைப் பற்றியும் புதிதாகச் சூட்டியிருக்கும் தொழில்நுட்பப் பெயரைப் பற்றியும்தான் இருக்கும். ஹெட் நிறுவனத்தின் ஸ்பீட் எம்பி மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். கிராஃபீன் 360 பிளஸ் என்றார்கள், 2022-ல் ஆக்ஸெடிக் என்றார்கள், 2024-ல் ஆக்ஸெடிக் 2 என்றார்கள். மூன்றுமே ஸ்டிரிங் இல்லாமல் 300 கிராம், 100 சதுர அங்குலத் தலை, 16×19 பேட்டர்ன் (நெடுக்கில் 16, குறுக்கில் 19 ஸ்டிரிங்). பெயரெல்லாம் பொய் என்று சொல்ல வரவில்லை, கார்பன் அடுக்குகளில் ஏதோ மாற்றியிருப்பார்கள், அடிக்கும்போது கைக்கு வருகிற உணர்வு கொஞ்சம் மாறும்தான். ஆனால் அது விளம்பரத்தில் தெரியாது, பந்தை அடித்தால்தான் தெரியும்.

முன்கூட்டியே தெரிந்துகொள்ளக்கூடியது ஃபிரேமை வார்க்கும் அச்சு (மோல்ட்) மாறியிருக்கிறதா என்பது. தலையின் அளவு, ஸ்டிரிங் பேட்டர்ன், பீமின் (பக்கவாட்டில் பார்த்தால் தெரியும் ஃபிரேமின்) தடிமன், எடை, பேலன்ஸ் (எடை தலைப்பக்கமா பிடிப்பக்கமா என்பது), இவ்வளவுதான். பாபலாட் நிறுவனத்தின் பியூர் டிரைவ் 2021-லும் 2025-லும் 300 கிராம், 100 சதுர அங்குலம், 16×19, அதே தடித்த பீம். இந்த மாதிரி வரிசையில் வரும் புது மாடல் பழையதன் தம்பி என்று எடுத்துக்கொள்ளலாம். ஃபெடரர் பெயரில் வந்தவற்றைப் பாருங்கள், கதையே வேறு: 2014-ல் வில்சன் வெளியிட்ட ஆர்எஃப்97 ஆட்டோகிராஃப் ஸ்டிரிங் இல்லாமலே 340 கிராம், 97 சதுர அங்குலம்; 2024-ல் வந்த ஆர்எஃப் 01 புரோ 320 கிராம், 98 சதுர அங்குலம், பீமும் முன்னதைவிடத் தடிமன். பழையதை வைத்திருந்தவர் அதன் தொடர்ச்சி என்று நினைத்து இதை வாங்கினால் கையில் வேறு ஒரு ராக்கெட் இருக்கும். இதைத் தெரிந்துகொள்ள யாருடைய விமர்சனமும் தேவையில்லை, நிறுவனம் தரும் அளவுப் பட்டியலே சொல்லிவிடுகிறது.

பட்டியலைப் படிப்பதில் ஒரு குழி இருக்கிறது, நிறையப் பேர் விழுவது இதில்தான். நிறுவனங்கள் பெரும்பாலும் ஸ்டிரிங் இல்லாத எடையைத்தான் போடுவார்கள், விமர்சனம் செய்கிறவர்கள் ஸ்டிரிங் போட்ட பிறகு அளந்து சொல்வார்கள். ஸ்டிரிங் மட்டுமே 15 முதல் 18 கிராம் வரை இருக்கும். அதனால் பழைய மாடல் 300, புதியது 317 என்று இரண்டு இடத்திலிருந்து எண்களை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 'ஐயோ இவ்வளவு கனமாக்கிவிட்டார்களே' என்று புலம்புவதில் அர்த்தமில்லை, இரண்டும் ஒரே எடைதான். ஸ்விங்வெயிட்டிலும் இதே கதை, ஸ்டிரிங் போட்டால் சுமார் 30 புள்ளி கூடிவிடும்.

ஸ்விங்வெயிட் என்று சொன்னதால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு இருப்பதிலேயே முக்கியமான எண் அதுதான். ராக்கெட்டைத் தராசில் வைத்தால் வருவது வெறும் எடை. வீசும்போது கைக்கு எவ்வளவு கனமாகத் தெரிகிறது என்பதை அது சொல்லாது. பிடியின் அடியிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி ஒரு அச்சில் சுழற்றும்போது எவ்வளவு எதிர்ப்பு வருகிறது என்று அளப்பதுதான் ஸ்விங்வெயிட். இதில் தூரத்தின் வர்க்கம் கணக்கில் வரும், அதாவது எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது எவ்வளவு எடை என்பதைவிடப் பெரிய விஷயம். 3 கிராம் லெட் டேப்பை (ஒட்டக்கூடிய ஈயப் பட்டையை) தலையின் நுனியில் ஒட்டினால் ஸ்விங்வெயிட் ஏறக்குறைய 10 கூடும். அதே 3 கிராமைக் கை பிடிக்கும் இடத்தில் ஒட்டினால் அசையவே அசையாது. ஸ்டிரிங் போட்ட நிலையில் 310-க்கும் 325-க்கும் நடுவே உள்ள வித்தியாசத்தை மூன்றாவது செட்டில் உங்கள் தோள் சொல்லிவிடும். இந்த எண் கூடினால் எதிராளி வேகமாக அடிக்கும்போது ராக்கெட் அசையாமல் நிற்கும், குறைந்தால் வேகமாகச் சுழற்றலாம். இரண்டில் உங்களுக்கு எது வேண்டும் என்பது உங்கள் ஆட்டத்தைப் பொறுத்தது, புது மாடலைப் பொறுத்தது அல்ல.

இங்கேதான் எனக்குச் சிரிப்பு வரும். ஒரே மாடல், ஒரே நிறம், ஒரே கடையில் வாங்கிய இரண்டு ராக்கெட்டுகளை அளந்து பார்த்தால் எடையில் சில கிராம், ஸ்விங்வெயிட்டில் பத்துவரைகூட வித்தியாசம் வரும், தொழிற்சாலையிலேயே அந்த அளவுக்கு இடம் விட்டுத்தான் செய்கிறார்கள். பழைய தலைமுறைக்கும் புதிய தலைமுறைக்கும் இடையே பலர் கண்டுபிடிக்கிற வித்தியாசம் பல நேரங்களில் இதற்குள்ளேயே அடங்கிவிடும். யாரோ ஒருவர் ஒரே ஒரு ராக்கெட்டைச் சோதித்துவிட்டுப் புதியது நிலையாக இருக்கிறது என்று எழுதினால், அவருக்குக் கிடைத்தது கனமாக அமைந்த ஒன்றா என்று முதலில் கேளுங்கள்.

விறைப்பைச் சொல்லும் ஆர்.ஏ. எண்ணையும் பார்க்கலாம், முழங்கை வலி இருந்தால் கட்டாயம் பார்க்க வேண்டும். 70-ஐ ஒட்டி இருந்தால் விறைப்பு, 60-க்குக் கீழே போனால் நன்றாக வளையும். 2019-ல் வில்சன் கிளாஷ் வந்தபோது உண்மையிலேயே ஒரு புது ஆள் வந்த மாதிரி இருந்ததற்கு அதன் ஆர்.ஏ. 60-க்கும் கீழே இருந்ததுதான் காரணம்.

அப்புறம், தொழில்முறை வீரர்கள் கையில் பார்த்ததை வைத்து முடிவு செய்யாதீர்கள். புது மாடலின் பெயின்டைத் தங்கள் பழைய ஃபிரேமில் அடித்துக்கொண்டு ஆடுகிறவர்கள் எத்தனையோ பேர். முழுக் கறுப்பில் ஒரு புரோட்டோடைப் (சோதனை ராக்கெட்) பயிற்சியில் தெரிந்தால் அது கடைக்கு வரப்போகிற வடிவம்தான் என்றும் இல்லை. 2013-ல் 90 சதுர அங்குலத்திலிருந்து மாறலாமா என்று பார்க்க ஃபெடரர் ஹாம்பர்க், குஷ்டாட் போட்டிகளில் 98 அளவில் ஒரு கறுப்பு புரோட்டோடைப்போடு இறங்கினார், இரண்டிலும் தோற்றார், அதே ஆண்டு யூஎஸ் ஓப்பனுக்கு முன்பே பழைய 90-க்கே திரும்பிப்போனார். பிறகு 2014-ல்தான் பெரிய தலைக்கு மாறினார். அவருக்கே மாறுவதற்கு அவ்வளவு நேரம் பிடித்தது, நமக்குக் கடை ராக்கெட்டை அடித்துப் பார்க்கும் பத்து நிமிட டெமோவில் என்ன தெரிந்துவிடும்?

டெமோவைப் பற்றிச் சொல்ல வேண்டியது இதுதான். பெரும்பாலானவர்கள் புது ராக்கெட்டைப் புது ஸ்டிரிங்கோடு அடித்துப் பார்த்துவிட்டு, மாதக்கணக்கில் செத்துப்போன பாலியெஸ்டர் ஸ்டிரிங் கிடக்கும் தங்கள் பழைய ராக்கெட்டோடு ஒப்பிடுகிறார்கள். எது ஜெயிக்கும் என்று கேட்கவே வேண்டாம். பாலியெஸ்டர் சீக்கிரமே டென்ஷனை இழந்துவிடும், ஆடாமல் வைத்திருந்தாலும் இழக்கும். ஆகவே புது மாடல் கைக்கு வரும் வாரத்தில் உங்கள் பழையதிலும் அதே ஸ்டிரிங்கை அதே டென்ஷனில் போட்டுக்கொள்ளுங்கள், பிடியின் அளவும் ஓவர்கிரிப்பும் ஒன்றாக இருக்கட்டும். அப்படிப் போட்டபின் பலருக்குப் புது ராக்கெட் வாங்கும் ஆசையே போய்விடுகிறது, கடைக்காரர்களுக்கு இது பிடிக்காது.

காத்திருப்பதா என்றால், உங்கள் வரிசையில் தலை அளவோ பேட்டர்னோ பீமோ மாறப்போகிறது என்று உறுதியாகத் தெரிந்தால் காத்திருங்கள். ஒன்றும் மாறவில்லை, பெயின்டும் பெயரும் மட்டும்தான் என்றால் புதியது வெளியாகும் நேரத்தில் பழையதற்கு விலை இறங்கும், அப்போது பழையதையே இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள். எடுக்கும்போது எடையும் பேலன்ஸும் ஒத்துப்போகிற ஜோடியாகத் தேடித் தரச் சொல்லிக் கேளுங்கள், கேட்டால் தராசில் போட்டுப் பார்த்துத் தருகிற கடைகள் இருக்கின்றன.