எந்த வீட்டை முதலில் பார்ப்பது?

கேள்வி: திருநெல்வேலி மாவட்டம் மானூர் வட்டாரத்து மானாவாரிச் சிற்றூர் ஒன்றில் நான் வார்டு உறுப்பினர். எங்கள் பெண்பிள்ளைகள் கோவை, திருப்பூர்ப் பக்கத்து நூற்பாலைகளுக்கும், பையன்கள் வடமாநில முறுக்குக் கம்பெனிகளுக்கும் போகிறார்கள். இதில் பிழைப்பு எது, ஆள்கடத்தல் எது? ஆபத்தில் இருக்கும் வீடுகளைக் கண்டறிய வறுமைக்கோட்டுப் பட்டியல் போதுமா?

பதில்: போதாது. மழை பொய்த்த ஆண்டில் உங்கள் ஊரின் பெரும்பாலான வீடுகள் வறுமைக்கோட்டுக்குக் கீழே வந்துவிடும். வறுமையைவிட, பிள்ளையின் வேலைக்கு ஈடாக வீட்டார் முன்கூட்டியே வாங்கிய முன்பணம் துல்லியமான அடையாளம்: அதை யார் கொடுத்தார், எந்தச் செலவுக்காக வாங்கினார்கள், பிள்ளை பாதியில் திரும்பினால் யார் அடைப்பது என்று விசாரியுங்கள். கந்துவட்டித் தவணைக்கு நெருக்கப்படும் வீடும், பீடிக்கடையில் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் மட்டுமே பீடி சுற்ற இலை கிடைக்கும் வீடும், பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய பிள்ளை இருக்கும் வீடும் தனித்தனியே பெரிய எச்சரிக்கை அல்ல; இம்மூன்றும் ஒரே கூரையின் கீழ் சேர்ந்திருந்தால் அங்கே முதலில் போங்கள்.

புரோக்கர் என்றதும் வெளியூர் முகத்தைத் தேடாதீர்கள். அவர் பெரும்பாலும் அதே மில்லில் முன்பு வேலை பார்த்த உள்ளூர்க்காரராகவோ, சித்தப்பா, அத்தை முறை ஆகிறவராகவோ இருப்பார். "நம்ம சொக்காரர்தான் கூட்டிப்போனார்" என்ற பதிலைக் கேட்டு நீங்களும் நிம்மதி அடைந்தால் கணக்கெடுப்பு அந்த வாசலோடு முடிந்துவிடும்.

ஊரை விட்டுப் போவது குற்றமல்ல; திரும்பி வர முடியாமல் வைத்திருப்பதுதான் கவலைக்குரியது. நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் மூன்றாண்டு முடிவில் கல்யாணத்துக்கு மொத்தத் தொகை என்று சொல்லி, இடையில் நின்றால் அதை மறுத்து, விடுதியை விட்டுத் தனியே வெளியே விடாமல் வைத்திருந்த ஏற்பாட்டில் நம் மாவட்டத்துப் பெண்களும் சிக்கியதுண்டு. "அவளாக விரும்பித்தானே போனாள்" என்ற வாதம் சட்டத்தில் நிற்காது: 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் தண்டனைச் சட்டத்தின் 143ஆம் பிரிவு, வஞ்சனையாலோ மிரட்டலாலோ சுரண்டலுக்காக ஆள் சேர்த்த இடத்தில், பாதிக்கப்பட்டவரின் சம்மதத்தைக் கணக்கில் கொள்வதில்லை. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் 1982இலேயே சொல்லியிருக்கிறது. முன்பணத்துக்காகப் பிடித்துவைத்திருந்தால் 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின்கீழ் கோட்டாட்சியரிடமோ மாவட்ட ஆட்சியரிடமோ மனு கொடுக்கலாம். அச்சட்டப்படி அந்தக் கடனே செல்லாது. பதினெட்டு வயது நிரம்பாதவர் என்றால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குச் சொல்லிவிட்டு மற்றதைப் பாருங்கள்.

போகிறவரைத் தடுப்பதைவிட, அவர் போகுமிடத்தின் முகவரியையும் கூட்டிச்செல்பவரின் கைபேசி எண்ணையும் ஊராட்சிப் பதிவேட்டில் எழுதிவைப்பது பயன்தரும். தீபாவளிக்கு ஊர் திரும்பாத பிள்ளை யார் என்பதையும் அதில் குறியுங்கள். ஆனால் ரேஷன் கடை வரிசையில் வைத்தோ பக்கத்து வீட்டார் முன்னிலையிலோ இவற்றைக் கேட்காதீர்கள். பெயர்ப்பட்டியலைக் கிராம சபையில் வாசிக்கவும் வேண்டாம். நாளை அந்தப் பெண்ணுக்கு வரன் பேசும்போது அந்த வாசிப்பை நினைவில் வைத்திருப்பவர்கள் ஊரில் இருப்பார்கள்.