வளையல் தனிக் கதையா?

கேள்வி: எனக்கு 28 வயசு, ஐடி வேலை. மூணு வருஷமா சாக்ஸபோன் கத்துக்கறேன். வேலையை விட்டுட்டு அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஃபாரோ சாண்டர்ஸ் மாதிரி, தியானம் போல ஆன்மிகமா போற ஸ்பிரிச்சுவல் ஜாஸ் பேண்ட் ஆரம்பிக்க ஆசை. அவரும் நியூயார்க் தெருவுல படுத்து எந்திரிச்சவர்தானே? அம்மாதான் பயப்படறாங்க. (சாக்ஸ் வாங்க அவங்க அடகு வெச்ச வளையலை இன்னும் மீட்கல, அது தனிக் கதை.) துணிஞ்சு இறங்கலாமா?

பதில்: தம்பி, இறங்கறது அப்புறம், முதல்ல அந்த பிராக்கெட்டுக்குள்ள வாங்க. மூணு வருஷமா மாசாமாசம் சம்பளம் வருது, வளையல் இன்னும் அடகுக்கடையில, அதை தனிக் கதைன்னு எழுத எப்படி கை வந்துச்சு? கல்யாண வீட்டுல தலைப்பை இழுத்து வெறுங்கையை மூடிக்கிட்டு உட்கார்ந்திருக்கற அம்மாக்களை நான் நிறைய பார்த்தாச்சு, பிள்ளைங்க மட்டும் பார்க்கறதே இல்ல.

சாண்டர்ஸை வேற சாட்சிக்கு கூப்பிடறீங்க. லிட்டில் ராக்ல பிறந்து, ஓக்லாண்ட் போயி, 1960களோட தொடக்கத்துல நியூயார்க் வந்த மனுஷன், காசில்லாம தெருவுல படுத்தாரு, வாஸ்தவம், ஆனா சாப்பாட்டுக்கு எதை வித்தாரு தெரியுமா? தன் ரத்தத்தை! அம்மா நகையை இல்ல. அப்புறம் ஜாஸ் பேண்ட் லீடர் சன் ரா தங்க இடமும் உடுத்த துணியும் குடுத்தாரு. பேண்ட் லீடர்னா அதுதான்யா, கூட வாசிக்கறவன் சாப்பிட்டானான்னு பார்க்கணும், பெத்தவ கையையே பார்க்காதவரு யாரைப் பார்ப்பீங்க?

1965ல ஜாஸ் சாக்ஸபோன் மேதை ஜான் கோல்ட்ரேன் தன் பேண்ட்ல சேர்த்துக்கிட்டாரு, 1967ல கோல்ட்ரேன் இறக்கற வரைக்கும் சாண்டர்ஸ் பக்கத்துலயே நின்னு வாசிச்சாரு. 1969ல வந்த சாண்டர்ஸோட 'கர்மா' ஆல்பத்தை ஹெட்போன்ல போட்டு கேளுங்க, அதுல ஒரு பாட்டு மட்டுமே 32 நிமிஷத்துக்கு மேல போகும், ஆல்பம் அவர் பேர்ல, ஆனா பாடகர் லியோன் தாமஸ் தொண்டையை உருட்டி உருட்டி பாட எவ்வளவு இடம் விட்டிருக்காரு பாருங்க, அப்புறம்தான் அந்த சாக்ஸ் ஒரே மூச்சுல ரெண்டு மூணு ஸ்வரமா கிழிஞ்சுக்கிட்டு அலறும். அதே ஆள் 2021ல, 80 வயசுல, ஃப்ளோட்டிங் பாயிண்ட்ஸ்ங்கற எலக்ட்ரானிக் இசைக் கலைஞரோட செஞ்ச 'ப்ராமிசஸ்' ஆல்பத்துல லண்டன் சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ரா பின்னாடி வாசிக்க, காதுகிட்ட பேசற மாதிரி மெல்ல ஊதறாரு. அடுத்த வருஷம் காலமாயிட்டாரு. இன்னிக்கு சாக்ஸபோன் வாசிக்கற கமாசி வாஷிங்டன் வரைக்கும் அவர் சாயல் கேக்குது. (கமாசி பேண்ட்ல அவங்க அப்பாவே வாசிக்கறாரு, அது எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம்.)

வேலையை இப்ப விடாதீங்க. காலையில ஆபீஸுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் ஊதுங்க, பக்கத்து வீட்டுக்காரர் திட்டட்டும். வளையல் அம்மா கைக்கு வந்தப்புறம் பேண்ட் பத்தி எழுதுங்க, பதில் போடறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க, வட்டியை இத்தனை நாளா யார் கட்டறாங்க, நீங்களா அம்மாவா?