அமெரிக்க மிஷன் வீடுகளில் அன்றாட வாழ்வு: கேள்வி பதில்

அமெரிக்கக் கிறிஸ்தவ மிஷனரிமார் யாழ்ப்பாணத்தில் நடத்திய அமெரிக்க மிஷன் என்றதும், வட்டுக்கோட்டை செமினரி என்ற கல்விக்கூடமும் உதயதாரகை என்ற பத்திரிகையும்தான் பேச்சில் வரும். கடல் கடந்து வந்த அந்தக் கணவன் மனைவிமார் வீட்டுக்குள் எப்படி வாழ்ந்தார்கள் என்று இம்முறை பலர் கேட்டிருக்கிறீர்கள். பல ஆண்டுகளாக அவர்களுடைய கடிதங்களையும் அறிக்கைகளையும் படித்து வருபவன் என்ற முறையில் இயன்றவரை பதில் சொல்கிறேன்.

முதலில் வந்தவர்கள் எங்கே குடியிருந்தார்கள்? (தெல்லிப்பழை வாசகர்)

கூரையில்லாத கட்டடங்களில். 1815 அக்டோபர் 23 அன்று நியூபரிபோர்ட் துறைமுகத்தில் டிரையட் என்ற கப்பலில் ஏறியவர்கள், ஐந்து மாதம் கழித்து 1816 மார்ச் 22இல் கொழும்பில் இறங்கினார்கள். ஆளுநர் பிரவுன்றிக் அனுமதி தந்ததும் யாழ்ப்பாணம் வந்தார்கள். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துப் பழைய தேவாலயங்களும் வீடுகளும் கிராமங்களில் பாழடைந்து கிடந்தன. அவற்றில் தெல்லிப்பழையை டானியல் பூவரும் மனைவி சூசனும் எடுத்துக்கொண்டார்கள். அவர்களோடு திருமணமாகாத எட்வர்ட் வாரன் இருந்தார். வட்டுக்கோட்டை மெய்க்ஸ், ரிச்சர்ட்ஸ் தம்பதிகளுக்கு. சுவர் மட்டும் நின்ற கட்டடத்தைச் செப்பனிட்டுக் குடியிருக்கத்தக்கதாக்குவதே அவர்களுடைய முதல் ஊழியமாக இருந்தது.

தமிழ் எப்படிப் படித்தார்கள்?

தமிழ் ஆசிரியர்களை அமர்த்திப் படித்தார்கள். தரங்கம்பாடியிலிருந்து வந்து யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்துகொண்டிருந்த கிறிஸ்தியன் தாவீதின் உதவியும் கிடைத்தது. பெண்களும் படித்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. ஊர்ப் பெண்களோடு பேச வேண்டியவர்கள் அவர்கள்தான்.

மனைவியரும் மிஷனரிகளாகக் கருதப்பட்டார்களா? சும்மா கூட வந்தவர்கள் என்றே பள்ளிக்கூடத்தில் படித்தோம். (உடுவில் பழைய மாணவி)

அம்மா, நீங்கள் படித்த பள்ளிக்கூடமே அதற்கு மறுப்பு. பாஸ்டனிலிருந்த அமெரிக்க மிஷன் சபை மனைவியரைத் 'துணை மிஷனரி' என்றுதான் தன் பதிவேட்டில் எழுதியது. ஆனால் மனைவி இல்லாவிட்டால் மிஷன் நிலையத்தில் பாதி வேலை நின்றுவிடும் என்பது சபைக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் பல மிஷனரிமாருக்குப் புறப்படுவதற்குச் சற்று முன்னர் திருமணம் நடந்தது. ஹாரியட் லத்ரொப்பும் மைரன் வின்ஸ்லோவும் 1819 ஜனவரியில் மணமுடித்து, ஜூன் மாதமே பாஸ்டனில் கப்பல் ஏறினார்கள்.

1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பள்ளியைத் தொடங்கியவர் அந்த ஹாரியட். அதற்கு முன் நடந்ததாக மிஷன் நூல்கள் ஒரு சம்பவத்தைச் சொல்கின்றன. அயல்வீட்டுச் சிறுமிகள் இருவர் வளவுக்குள் விளையாட வருவார்கள். தையல் பழகினால் ஆளுக்கொரு சட்டை தருவதாக ஹாரியட் சொன்னார். ஒருநாள் மழை கொட்டியதில் பிள்ளைகள் வீடு திரும்ப முடியாமல் போயிற்று. இரவாகிவிட்டது, பசியில் அழுதார்கள், மிஷன் வீட்டில் கொடுத்ததைச் சாப்பிட்டுவிட்டார்கள். தகப்பனுக்குக் கோபம். சாதி கெட்டது கெட்டதுதான், இனி நீங்களே வளர்த்துப் படிப்பியுங்கள் என்று விட்டுவிட்டார். பெண் பிள்ளைகளை எழுத்துப் படிக்க அனுப்ப யாரும் துணியாத காலத்தில், திண்ணையில் ஊசியும் நூலுமாகத் தொடங்கிய வேலை இது. இதைச் செய்தவரைத் 'துணை' என்று எழுதியதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

சாப்பாடு?

பெரும்பாலும் சோறும் கறியும். அவர்களுக்குத் தலையிடி கொடுத்தது தங்கள் சாப்பாடன்று, விடுதிப் பிள்ளைகளின் சாப்பாடு. மிஷன் வளவுக்குள் சமைத்ததை வேளாளப் பிள்ளைகள் உண்ண மாட்டார்கள் என்பதால், தொடக்கத்தில் அயலிலிருந்த சைவர் காணியில் சமையல் நடந்தது. பிள்ளைகளின் செலவை அமெரிக்காவில் பலர் ஏற்றார்கள். அவர்கள் விரும்பிய பெயர் பிள்ளைக்கு இடப்பட்டது. கரோல் விசுவநாதபிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை போன்ற பெயர்கள் இந்த வழக்கத்தில் வந்தவை.

தங்கள் சொந்தப் பிள்ளைகளை எப்படி வளர்த்தார்கள்? (இரண்டு பிள்ளைகளின் தாய்)

இதை எழுதக் கை கனக்கிறது. டாக்டர் ஜான் ஸ்கடரும் மனைவி ஹாரியட்டும் 1819இல் கல்கத்தாவில் இறங்கிய சில நாட்களிலேயே தங்கள் சின்ன மகளைப் பறிகொடுத்தார்கள். அதற்குப் பின்னும் யாழ்ப்பாணம் வந்து, பண்டத்தரிப்பில் மருத்துவம் பார்த்தார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் இவர்களுடைய பேத்தி.

பிழைத்த பிள்ளைகளுக்கு வேறொரு துன்பம் காத்திருந்தது. படிப்புக்கும் பிற்கால வாழ்வுக்கும் வழி வேண்டும் என்று, பத்து வயதைத் தாண்டுமுன்னரோ தாண்டியதுமோ பலரை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். கப்பல் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகவேண்டும். ஒரு கடிதம் போய்ச் சேர்ந்து பதில் வர ஏறக்குறைய ஒரு வருடம். வின்ஸ்லோ தம்பதியின் மகன் சார்ல்ஸ் அப்படிப் போனவன். 1832இல் நியூயார்க்கில் இறந்தபோது அவனுக்கு வயது பதினொன்று. அடுத்த ஜனவரியில் உடுவிலில் தாயும் இறந்தார், முப்பத்தாறு வயதில். பிள்ளையை அனுப்பியது சரியா என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். என் மனதில் பட்டதைச் சொல்கிறேன்: ஊழியத்துக்குத் தாங்களே மனமுவந்து வந்தார்கள், பிள்ளைகளிடம் யாரும் கேட்கவில்லை. அந்தத் தியாகத்தைப் பெற்றோர் கணக்கில் மட்டும் எழுதுவது நியாயமில்லை.

மைரன் வின்ஸ்லோ ஐந்து முறை திருமணம் செய்தாராமே! இது என்ன ஊழியம்? (கொழும்பு வாசகர்)

தம்பி, ஏளனம் வேண்டாம். ஒன்றன்பின் ஒன்றாக மனைவியரை இழந்தவர் அவர். சூசன் பூவரும் 1821இலேயே தெல்லிப்பழையில் இறந்தார். டானியல் பூவர் 1823இல் ஆன் நைட் என்ற ஆங்கிலப் பெண்ணை மணந்தார். தாயில்லாப் பிள்ளைகள், பெண்கள் வகுப்பு, விடுதி நிர்வாகம் எல்லாம் ஒரு தனி மனிதர் தலையில் விழுந்தால் என்ன செய்வார்? தனிமையும் இருந்தது. அந்த வீடுகளுக்கு மறுமணம் செய்து வந்த பெண்களின் துணிவையும் எண்ணிப் பாருங்கள். முன்னவரின் கல்லறை பார்வைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்.

உறவினர் யாரும் அருகில் இல்லையா?

பெரும்பாலோருக்கு இல்லை. விதிவிலக்கு ஹாரியட் வின்ஸ்லோவின் குடும்பம்: அவருடைய தங்கைமார் மூவரும் மிஷனரிமாரை மணந்து இந்தப் பக்கம் வந்தார்கள். மற்றவர்களுக்கு அயல் நிலையத்து ஊழியர்களே உறவினர்.

பணத் தட்டுப்பாடு வந்ததுண்டா?

1837இல் அமெரிக்காவில் வங்கிகள் முறிந்தபோது சபை பணத்தைக் குறைத்தது. கிராமப் பள்ளிகள் பலவற்றை மூடி ஆயிரக்கணக்கான பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்ப நேர்ந்தது.

கடைசிவரை இங்கேயே இருந்த தம்பதி உண்டா?

லீவை ஸ்போல்டிங், மேரி ஸ்போல்டிங். 1820இல் யாழ்ப்பாணம் வந்தார்கள். இடையில் ஒருமுறை அமெரிக்கா போனார்கள். திரும்பி வந்து, 1873இல் லீவை இறக்கும்வரை இங்கேயே உழைத்தார்கள்.

இவற்றைப் படிக்க வழி என்ன?

சபையின் ஆவணங்கள் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஹௌட்டன் நூலகத்தில் இருக்கின்றன. ஆண்களின் அறிக்கைகளோடு நிறுத்திவிடாதீர்கள். பாடசாலைக் கணக்கும் ஞானஸ்நானக் கணக்கும்தான் அவற்றில் கிடைக்கும். காய்ச்சலில் யார் இரவெல்லாம் விழித்திருந்தார், எந்தப் பிள்ளை ஏன் விடுதியை விட்டு ஓடினாள் என்பவற்றுக்குப் பெண்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களைத்தான் தேட வேண்டும்.