மீறவில்லை, பயன்படுத்திக்கொண்டார்கள்

வணக்கம். மிங் வம்சத்தை நிறுவிய சூ யுவான்சாங் தன் சந்ததிக்கு ஆட்சிமுறை பற்றி அறிவுரை எழுதிவைத்தார், அதில் ஒரு சொல்லையும் மாற்றக்கூடாது என்றும் ஆணையிட்டார் என எழுதியிருந்தீர்கள். அவர் இறந்து நான்கே ஆண்டில் பேரனின் அரியணை பறிபோனது. வாரிசுகள் யாரும் அந்த நூலை மதிக்கவில்லையா?
- சரவணன்

அன்புள்ள சரவணன்,

பறித்தவரே அந்த நூலைக் காட்டித்தான் பறித்தார்.

அது அவசரத்தில் எழுதியதல்ல. ஆறு ஆண்டுகளில் ஏழு முறை படியெடுத்ததாகவும், அரண்மனையில் எழுதி மாட்டி காலையும் மாலையும் படித்துத் திருத்தியதாகவும் முன்னுரையிலேயே சூ யுவான்சாங் சொல்கிறார். முதல் வடிவம் 1373-ல் முடிந்தது, இறுதி வடிவம் 1395-ல்.

அதில் ஒரு விதி: அவையில் நேர்மையான அமைச்சர் இல்லாமல் தீயோர் மலிந்தால் இளவரசர்கள் படையைத் தயார்செய்து காத்திருக்க வேண்டும், பேரரசர் ரகசிய ஆணை அனுப்பினால் வந்து ஒழிக்க வேண்டும், முடிந்ததும் படை முகாமுக்குத் திரும்ப வேண்டும், இளவரசர் பேரரசரைச் சந்தித்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும். 1399-ல் சூ யுவான்சாங்கின் மகன், யான் இளவரசர் சூ தி தீயோரைக் களைவதாகச் சொல்லிக் கிளம்பினார். ஆணை எதுவும் வரவில்லை. 1402-ல் தலைநகர் நாஞ்சிங்குக்குள் நுழைந்தவர் ஊர் திரும்பவுமில்லை, யோங்லே பேரரசரானார்.  

படையெடுக்கக்கூடாத 15 நாடுகளின் பட்டியலில் அன்னாமும் (இன்றைய வட வியட்நாம்) உண்டு. அங்கே 1406-ல் படை அனுப்பியவரும் இவரே. இதை மட்டும் அப்பட்டமான மீறல் என்றே சொல்வேன்.

முதலமைச்சர் பதவியின் கதை வேறு. 1380-ல் சூ யுவான்சாங் தன் முதலமைச்சர் ஹூ வெய்யோங்கைக் கொன்று பதவியையே ஒழித்தார். மீண்டும் அதைக் கொண்டுவரச் சொல்பவன் குடும்பத்தோடு சாகவேண்டும் என்பது விதி. ஆறு அமைச்சகங்களின் கோப்புகளும் நேரே பேரரசரின் மேசைக்கு வந்தன. அவர் உழைப்பாளி, சமாளித்தார். பின்வந்தவர்களால் முடியவில்லை. அதனால் அவைச் செயலர்கள் பதிலின் வரைவைத் தனித்தாளில் எழுதி மனுவோடு ஒட்டி அனுப்பினார்கள். பேரரசர் சிவப்பு மையில் ஒப்புதல் எழுதவேண்டும். நாளடைவில் அந்தச் சிவப்புத் தூரிகை அரண்மனை அலிகளின் கைக்குப் போனது. முதலமைச்சரின் அதிகாரம் திரும்பி வந்துவிட்டது, அதற்குப் பொறுப்பேற்கும் பதவிதான் வரவில்லை.

அரசகுல மானியமும் இப்படித்தான். இளவரசருக்கு ஆண்டுக்கு 10,000 ஷி தானியம், அவர் சந்ததிக்குத் தகுதிக்கேற்பக் குறைந்து. ஒரு ஷி ஏறத்தாழ 100 லிட்டர். தொழில் செய்யவோ அரசுத் தேர்வெழுதவோ அவர்களுக்கு அனுமதியில்லை, குடும்பங்களோ பெருகின. 1562-ல் லின் ருன் என்ற அதிகாரி கணக்குக் காட்டினார்: தலைநகருக்கு வருவது 40 லட்சம் ஷி, மானியத்துக்கு வேண்டியது 85 லட்சத்துக்கு மேல். மானியம் பாக்கி விழுந்தது, கடைநிலை உறவினர்கள் பட்டினி கிடந்தார்கள். வான்லி பேரரசர் காலத்தில்தான் அவர்களுக்குத் தேர்வெழுத வழி திறந்தது.