எஸ்.ஜி.பி.டி. இறங்கினால் வைரஸ் போய்விட்டதா?

கேள்வி: என் தம்பிக்கு நான்கு மாதங்களுக்கு முன் மஞ்சள் காமாலை வந்தது. தருமபுரியில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எஸ்.ஜி.பி.டி. என்ற ஈரல் நொதி 480, ஹெபடைடிஸ் பி வைரஸ் பாசிட்டிவ் என்று வந்தது. இப்போது எஸ்.ஜி.பி.டி. 36; பாசிட்டிவ் மட்டும் மாறவில்லை. "வைரஸ் ஈரலைக் கொல்வதில்லை, செல்கள்தாம் தற்கொலை செய்துகொள்கின்றன" என்றார் மருத்துவர். அப்படியென்றால் என்ன?
— ஆசிரியை ஒருவர், பாலக்கோடு

பதில்: மருத்துவர் சொன்னது சரிதான், பாதியை விழுங்கிவிட்டார். இந்த வைரஸ் தான் குடியிருக்கும் செல்லைப் பெரும்பாலும் நேரடியாக அழிப்பதில்லை. செல்லின் மேற்புறத்தில் தெரியும் வைரஸ் புரதத் துணுக்கை அடையாளம் கண்டு வரும் டி செல்கள் என்னும் வெள்ளையணுக்கள், 'ஃபாஸ்' என்ற ஏற்பியைத் தூண்டியோ, 'பெர்ஃபோரின்' புரதத்தால் துளையிட்டு 'கிரான்சைம்' நொதியை உள்ளே அனுப்பியோ, அங்கே உறங்கிக்கிடக்கும், செல்லை உள்ளிருந்தே கலைக்கும் 'காஸ்பேஸ்' நொதிகளை எழுப்பிவிடுகின்றன. உத்தரவு வெளியிலிருந்து வருவதால் தற்கொலை என்ற சொல் எனக்கு அவ்வளவு உவப்பில்லை. ஆனால் அதை நிறைவேற்றுவது செல்தான். அது சுருங்கி, உட்கருவைத் துண்டாக்கி, உறை கிழியாமலே சிறு பொட்டலங்களாகப் பிரிகிறது. அவற்றை ஈரலிலேயே வசிக்கும் குப்ஃபர் செல்கள் விழுங்கிவிடுகின்றன. நுண்ணோக்கியில் பார்த்தால், மற்ற செல்களுக்கு நடுவே அடர் இளஞ்சிவப்பாய்ச் சுருண்ட ஓர் உருண்டை தெரியும்.

இந்த மரணத்தை ஜான் கெர் என்ற ஆஸ்திரேலிய அறிஞர் 1960களில் எலியின் ஈரலில்தான் முதலில் கவனித்தார் என்பது பொருத்தமான தற்செயல். 1972இல் வைலி, கர்ரி ஆகியோருடன் சேர்ந்து அவர் இதற்கு 'அபோப்டோசிஸ்' என்று பெயரிட்டார். இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. உங்கள் ஊர்ச் சாலையோரப் புளியமரத்தில் பழுத்த இலை தானே காம்பறுந்து விழும்போது மரத்தில் காயம் இருக்காது. காற்றில் கிளை முறிந்தால் இருக்கும்.

உறை கிழிவதில்லை என்றால் செல்லுக்குள் இருக்க வேண்டிய எஸ்.ஜி.பி.டி. நொதி ரத்தத்தில் 480 வரை ஏறியது எப்படி என்று நீங்கள் கேட்கலாம். ஒரே சமயத்தில் ஏராளமான செல்கள் மடியும்போது விழுங்குவதற்கு ஆள் போதாமல், எஞ்சிய பொட்டலங்கள் வெடித்துக் கசிகின்றன. சில செல்கள் முறையான மரணம் இன்றி நேரடியாகவே சிதைகின்றன. ஆகவே அந்த எண் சண்டையின் உக்கிரத்தைக் காட்டுமே தவிர, வைரஸின் அளவைக் காட்டாது. உங்கள் தம்பிக்கு இப்போது சண்டை ஓய்ந்திருக்கிறது. எதிரி வெளியேறியதாலா, படை சலித்துவிட்டதாலா என்பதை 36 என்ற எண் சொல்லாது. ஆறு மாதம் முடிந்ததும் அதே ஹெபடைடிஸ் பி பரிசோதனையை மறுபடி செய்யுங்கள். பெரியவர்களாகித் தொற்று பெற்றவர்களில் 100க்கு 90 பேருக்கு மேல் தாமாகவே குணமடைந்துவிடுவார்கள். அப்போதும் பாசிட்டிவ் என்றால் நாட்பட்ட தொற்று என்று கொண்டு, வைரஸின் டி.என்.ஏ. அளவைப் பார்க்க வேண்டும். வீட்டில் இருப்பவர்களும் பரிசோதித்துக்கொண்டு, தொற்று இல்லையெனில் தடுப்பூசி போட்டுக்கொள்ளட்டும்.

கேள்வி: நாட்பட்ட ஹெபடைடிஸ் பி-க்கு மாத்திரை சாப்பிடுகிறேன். கீழாநெல்லியை மோரில் அரைத்துக் குடித்தால் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்கிறார்கள். நிறுத்தலாமா?
— வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: கூடாது. சென்னை ஆய்வாளர்கள் 1988இல் 'லான்செட்' இதழில் கீழாநெல்லிக்குச் சாதகமாக எழுதியது உண்மை. ஆனால் பின்னர் பிற இடங்களில் நடந்த சோதனைகள் அதை உறுதிப்படுத்தவில்லை. தானாகவே தீரும் ஹெபடைடிஸ் ஏ காமாலைக்கு இலையைக் கொடுத்துவிட்டு, குணமானதும் இலைக்குப் பேர் வாங்கித் தருவதும் உண்டு. மாத்திரை வைரஸின் பெருக்கத்தை அடக்கி வைத்திருக்கிறது. திடீரென்று நிறுத்தினால் வைரஸ் மீண்டும் பெருகும். அதைக் கண்ட டி செல்கள் மேலே சொன்ன வேலையைப் பல செல்களில் ஒருசேரத் தொடங்கும். சிலருக்கு ஈரலே செயலிழந்துவிடும்.